மாதாமாதம் ஒரு பெட்டி

கிடங்குக்குள் மின்விசிறி போடக் கூடாது. போட்டால் பெட்டிக்குள் பரப்புகிற ரோஸ் நிறக் காகிதச் சுருள் பறந்துவிடும். அதனால் பெண்கள் எல்லோரும் வேர்த்து வழிய நின்றபடியே வேலை பார்த்தார்கள். நீளமான மேசையின் ஒரு முனையில் காலிப் பெட்டி கிளம்பும். ஒருத்தி காகிதச் சுருள் போடுவாள், அடுத்தவள் உதட்டுச் சாயம், அதற்கடுத்தவள் சின்ன சென்ட் பாட்டில், கடைசியாக ஒருத்தி முகக் கிரீம் டப்பா. எல்லாவற்றுக்கும் மேலே 'உனக்காகவே, தோழி' என்று அச்சடித்த அட்டை. இத்தனையும் ஏறிய பெட்டி மறுமுனையில் டேப்பக்காவிடம் வந்து சேரும்.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று யாருக்கும் ஞாபகமில்லை. டேப்பை இழுத்து, ஒட்டி, அறுத்துத் தள்ளுவதற்குள் அடுத்த பெட்டி வந்து இடிக்கும். ஆனாலும் அவள் ஒட்டியதில் ஒரு சுருக்கம் இருக்காது. "அக்கா தன் வாயைத் தவிர எல்லாத்தையும் ஒட்டிடுவாங்க" என்று சொல்லிச் சிரிப்பார்கள். உண்மைதான், கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும்.

பணம் கட்டியவர்களுக்கு மாதாமாதம் வீடு தேடிப் போகிற பெட்டி அது. உள்ளே என்ன இருக்கும் என்று வாங்குகிறவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. அதுதான் அதன் விசேஷமாம். கம்பெனியை நடத்துகிற மேடம் ஒவ்வொரு மாதமும் முதல் பெட்டியைப் பிரித்து, கண்ணை அகல விரித்து வீடியோ போடுவாள். ஒருமுறை கிடங்கையும் காட்டினாள். "இவங்க கையாலதான் உங்க பெட்டி தயாராகுது. எல்லாரும் என் தங்கச்சிங்க" என்றாள். அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் புதுக் கையுறை கிடைத்தது.

அந்த மாதம் கிரீம் டப்பாக்கள் அட்டைப் பெட்டியில் வராமல் சாக்கில் வந்தன. சில டப்பாக்களின் மூடி உப்பியிருந்தது. திறந்து பார்த்தால் மேலே மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. ஸ்டிக்கர் ஒட்டுகிற பெண், பஞ்சில் தின்னரை நனைத்து டப்பாவின் அடியில் இருந்த தேதியைத் துடைத்துவிட்டு, அதன் மேல் புதுத் தேதி போட்ட ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, கிரீம் பழைய பெயிண்ட் மாதிரி வாடை அடிக்குது" என்றாள் டேப்பக்கா.

"எனக்கென்னக்கா தெரியும்? அழிக்கச் சொன்னாங்க, அழிக்கிறேன்."

சூப்பர்வைசர் காதில் விழுந்துவிட்டது. அவனை எல்லோரும் மீசை என்பார்கள். மீசையை மழித்து எவ்வளவோ காலமாகியும் பெயர் மட்டும் போகவில்லை. "அச்சுப் பிழைம்மா. தேதியைத் தப்பா அடிச்சுட்டான். சரக்கு வெயில்ல வந்தது, அதான் எண்ணெய் பிரிஞ்சிருக்கு. ஒரு குலுக்கு குலுக்கிப் போடுங்க, சரியாயிடும்."

குலுக்கிப் போட்டார்கள். டேப்பக்கா ஒட்டித் தள்ளினாள்.

வேன் கிளம்பிப் போன சாயங்காலம் மீசை ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தான். மூடி நெளிந்த டப்பாக்கள். "பெட்டில வைக்க முடியாது. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. மேடம் குடுக்கச் சொன்னாங்க." பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எடுத்தார்கள். டேப்பக்கா உள்ளதிலேயே நல்லதாகப் பார்த்து ஒன்றைப் பொறுக்கினாள். மூக்கில் வைத்துப் பார்த்தாள். அதில் அந்த வாடை அவ்வளவாக இல்லை. அவள் அதை எடுத்தது தனக்கில்லை, சிட்டுவுக்கு.

சிட்டு அவள் நாத்தனார். லாரி ஓட்டுகிற டேப்பக்காவின் புருஷன் மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பான். வீட்டில் இவர்கள் இருவரும்தான். காலையில் ஒரே கண்ணாடிக்கு முன்னால் முழங்கையால் இடித்துக்கொண்டு தலைவாருவார்கள். சிட்டு பெரிய துணிக்கடையில் தரைத்தள கவுண்டரில் நின்றாள். அந்தக் கடையில் முகம் பார்த்துத்தான் தரைத்தளத்தில் நிறுத்துவார்கள். மற்றவர்கள் மேல்மாடியில் துணி மடிக்க வேண்டும்.

"அண்ணி! நிஜமாவே எனக்கா? கடைக்கு வர்றவங்க இதைப் பத்தித்தான் பேசிக்கிறாங்க."

"உனக்கில்லாம உங்கண்ணனுக்கா? அவர் மூஞ்சிக்கு கிரீஸே போதும்" என்றாள் டேப்பக்கா. இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

சிட்டு முகம் கழுவி, கிரீமைக் கன்னத்திலும் நெற்றியிலும் பூசிக்கொண்டு படுத்தாள். லேசாகச் சுருசுருவென்று இருக்கிறது என்றாள். "வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள் டேப்பக்கா. வீடியோவில் மேடம் அப்படித்தான் சொல்லுவாள்.

காலையில் "அண்ணி" என்று கூப்பிட்ட குரலைக் கேட்டு டேப்பக்கா அடுப்படியிலிருந்து திரும்பினாள். கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

வாசலில் நின்றது யார் என்றே ஒரு கணம் தெரியவில்லை. முகம் இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. ஒரு கண் முழுதாக மூடிக்கொண்டுவிட்டது. கன்னத்தில் தோல் வெந்ததுபோல் சிவந்து, காதோரமாக உரிந்து தொங்கியது. உதடு அசைந்தது, பேச்சு சரியாக வரவில்லை.

"என்ன அண்ணி இது? எரியுது அண்ணி..."

டேப்பக்கா தண்ணீரை எடுத்தாள், வைத்தாள். துண்டை எடுத்தாள், அதையும் வைத்தாள். எதைத் தொட்டாலும் எரியும் என்று பயம். பிறகு அப்படியே சிட்டுவின் தலையில் ஒரு துப்பட்டாவைப் போட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டரம்மா டப்பாவைக் கேட்டு வாங்கினாள். அடியில் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள். சரியாக அழியாத பழைய எழுத்து அங்கே தெரிந்தது.

"இது எப்பவோ காலாவதியான சரக்கு. தேதி மட்டும் பிரச்சினை இல்ல. உள்ள என்னத்தைக் கலந்திருக்காங்கன்னு பரிசோதிச்சாத்தான் தெரியும். எங்கம்மா வாங்கினீங்க?"

டேப்பக்காவுக்கு அச்சுப் பிழை, அச்சுப் பிழை என்று மனசுக்குள் ஓடியது. அவள் டேப் ஒட்டித் தள்ளிய பெட்டிகள் எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தாள்.

"தழும்பு போகுமா டாக்டர்?" என்று சிட்டு கேட்டாள்.

"முதல்ல கண்ணைப் பார்ப்போம்" என்றாள் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் மேடத்தின் வீடியோவுக்குக் கீழே போட்டிருந்த புகார் நம்பரைக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். பாதிக்கப்பட்ட இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். வாசலில்தான் வெளிச்சம் இருந்தது. டேப்பக்கா சிட்டுவை நீலக் கதவோரம் உட்கார வைத்து, தானே எடுத்து அனுப்பினாள். அடுத்த நிமிஷமே பதில் வந்தது: 'உங்கள் அழகுப் பயணத்தில் எங்களையும் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி.' பக்கத்தில் ஒரு பூ.

மறுநாள் டேப்பக்கா நேராக மேடத்தின் அறைக்குப் போனாள். கண்ணாடிக் கதவைத் தள்ளுவது அதுதான் முதல் தடவை. உள்ளே ஜில்லென்று இருந்தது. மீசையும் நின்றுகொண்டிருந்தான்.

போனில் இருந்த படத்தைப் பார்த்ததும் மேடம் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ! யாரு இது? உட்காருங்க முதல்ல. தண்ணி குடிங்க."

என்ன இருந்தாலும் பெண்பிள்ளை, மனசு இரங்கிவிட்டது என்று டேப்பக்கா நினைத்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். எண்ணெய் பிரிந்தது, தேதியை அழித்தது, டாக்டரம்மா சொன்னது எல்லாம். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் மேடம். வைத்தியத்துக்கு ஒரு வழி பண்ணுங்க. வெளிய போன பெட்டியெல்லாம் திருப்பி வாங்கிடுங்க. போட்டுக்கிட்டா பிள்ளைங்க முகம் என்னாகும்?"

மேடம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "யார் பேர்ல பணம் கட்டி வாங்கினீங்க?"

"பேர்ல எல்லாம் இல்ல மேடம். இங்க ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்களே, அது."

"இங்கயா? யார் குடுத்தா?"

"இவருதான். நீங்க குடுக்கச் சொன்னதா சொன்னாரு."

மேடம் மீசையைப் பார்த்தாள். மீசை டேப்பக்காவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

"நான் யாருக்கும் எதுவும் குடுக்கலையே மேடம். சரக்கை வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு கதவுலயே எழுதி ஒட்டியிருக்கு."

டேப்பக்கா காதில் விழுந்தது சரிதானா என்று அவன் வாயையே பார்த்தாள். "என்ன சார் சொல்றீங்க? எல்லாரும்தானே எடுத்தோம்? அந்த ஸ்டிக்கர் பொண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்க. என் பக்கத்துலதான் நின்னா."

கூப்பிட்டார்கள். அவள் வந்து கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்துட்டிருந்தேன்."

ஒருநாளும் ஒட்டாத டேப்பக்காவின் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. புகார் சொல்ல வந்தவள் திருடியாக நின்றாள். மேடம் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தாள். குரல் இன்னும் அதே இனிப்போடுதான் இருந்தது.

"போலீசுக்கெல்லாம் போக எனக்கு மனசு வரல. குடும்பப் பொண்ணு நீங்க. நீங்களும் இதைப் பெரிசாக்காதீங்க. நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

வாசலில் காவலாளி அவள் பையை வாங்கிக் கவிழ்த்தான். தினமும் அவளிடம் வெற்றிலை கேட்டு வாங்குகிற ஆள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஒரு பழைய கையுறை எல்லாம் மேசையில் விழுந்தன. "மேலிடத்து உத்தரவும்மா" என்று முனகிவிட்டு, கையுறையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான். அது கம்பெனிச் சொத்து.

விஷயம் கேள்விப்பட்டு புருஷன் லாரியைப் பாதி வழியில் வேறொருவனிடம் விட்டுவிட்டு ஓடி வந்தான். தங்கை முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்டான். "நீ கேக்காம எடுத்துட்டு வந்தியா?"

வீங்கிய உதட்டோடு சிட்டுதான் கத்தினாள். "அண்ணா! அண்ணியைப் பார்த்து நீயே இப்படிக் கேக்கலாமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் கேட்டது கேட்டதுதான்.

துணிக்கடையில், முகம் ஆறட்டும், அப்புறம் வா என்றார்கள். கண் திறந்தது. வீக்கம் வடிந்தது. கன்னத்தில் மட்டும் கறுப்பும் வெளுப்புமாகத் திட்டு நின்றது. சிட்டு போய்ப் பார்த்தபோது கவுண்டரில் வேறொரு பெண் நின்றாள். மேல்மாடியிலாவது மடிக்கிறேன் என்றாள். வாடிக்கையாளர்கள் லிஃப்டில் பார்ப்பார்களே என்றார் மேனேஜர். அவர் அதைத் தன்மையாகத்தான் சொன்னார்.

ஸ்டிக்கர் பெண் ஒருநாள் தெருமுனையில் டேப்பக்காவை மறித்துக்கொண்டு அழுதாள். "நானும்தானே அக்கா எடுத்துட்டுப் போனேன். சொல்லியிருந்தா என்னையும் அனுப்பிருப்பாங்க. வீட்டுல என் ஒருத்தி சம்பளம்தான்."

"உன் டப்பாவை என்ன பண்ணின?"

"அன்னைக்கே சாக்கடைல கொட்டிட்டேன்."

"பிழைச்ச. போ" என்றாள் டேப்பக்கா. திட்ட வேண்டும் என்று எத்தனையோ நாள் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

அவள் ஒரு சலவைக் கடையில் ஆஸ்பத்திரித் துணிகளை மடிக்கப் போனாள். சிட்டு வீட்டிலேயே பொத்தான் தைத்துக் கொடுத்தாள். வெளியே போனால் முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொள்வாள். மாடி போர்ஷனுக்குப் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தது. அந்த வீட்டுப் பெண் கல்லூரியில் படிப்பவள், கலகலப்பானவள். பொழுது போகாதபோது கீழே வந்து சிட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். முகத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்றைக்கு டேப்பக்கா வேலை முடிந்து வந்தபோது அந்தப் பெண் போனைச் சிட்டுவிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க அக்கா. உங்களுக்காகத்தான் தேடினேன். இந்த மாசப் பெட்டில முகத்தைச் சரி பண்ற புதுக் கிரீம் வருதாம். இவங்க கண்ட கண்ட கிரீமைப் போட்டு முகமே வெந்துபோச்சாம். இதைப் போட்டதும் எப்படி ஆயிட்டாங்க பாருங்க!"

டேப்பக்கா செருப்பைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தாள். திரையில் இரண்டு படம். இடது பக்கத்தில் ஒரு கண் மூடிய, தோலுரிந்த முகம், பின்னால் நீலக் கதவு. வலது பக்கத்திலும் அதே முகம், அதே கதவுதான். ஆனால் தோல் மாசுமருவில்லாமல் பளபளத்தது. மூடியிருந்த கண்ணைக்கூட யாரோ திறந்து வைத்திருந்தார்கள். கீழே 'எங்கள் தோழியின் உண்மைக் கதை' என்று போட்டிருந்தது.

"ரெண்டு பேர் சேர்ந்து ஆர்டர் போட்டா ஒரு பெட்டி இலவசமாம். உங்களுக்கும் ஒண்ணு போடட்டுமா அக்கா?" என்றாள் அந்தப் பெண்.

இடது பக்கத்துப் படத்தைச் சிட்டு பார்க்கவே இல்லை. மடியிலிருந்த பொத்தான்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து தரையில் உருள, வலது பக்கத்து முகத்தின் கன்னத்தில் இரண்டு விரலை வைத்து, விரித்து விரித்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.