நிற்காமல் இறங்கிய எண்ணெய்

டார்லா மேனார்ட் செவ்வாய்க்கிழமை காலை தன் காரிலிருந்து இறக்கிய கியர் ஆயில் புதன்கிழமை விடிந்தும் நிற்கவில்லை. அந்த மாதிரி பழைய ஆட்டோமேட்டிக் காரின் அடித்தட்டைக் கழற்றினால் நாலு லிட்டர் பால் கேன் ஒன்று நிரம்பும் அளவு இறங்கும், அவ்வளவுதான். மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலைப் பள்ளத்தில் அன்று நிரம்பியவை நூற்றுப் பன்னிரண்டு பால் கேன்கள்.

இரண்டு லட்சம் மைல் தாண்டிய வண்டிக்கு கியர் ஆயில் மாற்றக்கூடாது என்பது அங்கே ஞானஸ்நானத்துக்கு அடுத்தபடியான நம்பிக்கை. பழைய அழுக்குதான் கியரைப் பிடித்து வைத்திருக்கிறது, புதுசு ஊற்றினால் வண்டி வாசலைத் தாண்டாது என்பார்கள். குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரி முடித்த டார்லா அதை நம்பவில்லை. திங்களன்று மலை ஏற்றத்தில் மூன்று முறை கியர் பிடிக்காமல் எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை, பின்னால் நிலக்கரி லாரி. பக்கத்து இருக்கையில் அம்மா ஓலெட்டா. திங்கள், புதன், வெள்ளி நாற்பத்தொரு மைல் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் ஓலெட்டாவின் நுரையீரலில் நீர் ஏறிவிடும். மருத்துவமனை வேன் உள்ளே வராது, பாலம் தாங்காதாம். பாலம் கட்ட வேண்டியவர்கள் பதினாறு வருடமாக அதை அளந்துகொண்டிருக்கிறார்கள்.

ஓலெட்டாவின் தம்பி ஹோபர்ட் வேடிக்கை பார்க்க வந்தார்.

"காலேஜுல கார் வயித்தக் கழுவவும் சொல்லிக்குடுத்தாங்களாடி?"

"சும்மா இரு மாமா. உன் டிரக்கு ரெண்டு வருஷமா கல்லு மேல குந்திக்கிட்டிருக்கு, நீ பேசாத."

"அது ஆயில் மாத்தாத வண்டி. கௌரவமாச் செத்துச்சு."

பத்தாவது கேனில் அவர் சிரிப்பதை நிறுத்தினார். நாற்பதாவதில் தொப்பியைக் கழற்றினார். கறுப்பாக, கருகிய வாடையோடு, உடம்புச் சூட்டில் இறங்கியது. அக்கம்பக்கத்தார் வாளி, குளிக்கும் தொட்டி, நாய்க்குத் தண்ணீர் வைக்கும் சட்டி எல்லாம் கொண்டுவந்தார்கள். டார்லா தட்டை மாட்டி ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கினாள். பென்சில் கனத்துக்குத் தாரை தொடர்ந்தது. எஞ்சினை ஓடவிட்டு அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தாள். ஆயில் சரியாக மேல்கோட்டில் நின்றது. அவள் புதிதாக ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. கம்பியைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தாள், அதே கோடு. காலியாகியிருந்தால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியும்.

புதன் காலை ஓலெட்டாவால் படுக்க முடியவில்லை; உட்கார்ந்தபடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். கணுக்காலில் விரல் வைத்தால் குழி விழுந்தது.

"கிளப்பாதடி, நடுமலையில நின்னுரும்," என்றார் ஹோபர்ட்.

"இங்க நின்னா மட்டும் பொழைச்சிருமா மாமா? கதவத் தொற."

அம்மாவைத் தூக்கி வைத்து ஓட்டினாள். ஏற்றத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு அலறலுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. கார் வெண்ணெயில் கத்தி போனதுபோல மேலே ஏறியது. பின்னால் நாற்பத்தொரு மைலுக்கு ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.

சாலைத் துறை அதன் மேல் இரண்டு முறை தார் போட்டது; கோடு தாருக்கு மேல் வந்தது. மூன்றாம் வருடம் அந்தச் சாலைக்கு வண்ணக்கோடு போடுவதையே விட்டுவிட்டார்கள். பனிமூட்டத்தில் பள்ளிப் பேருந்துகள் அதைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. சுற்றுச்சூழல் அதிகாரி ஒருவர் வந்து, முகர்ந்து, படிவத்தில் "இயற்கை ஊற்று" என்று எழுதிப் போனார்.

பதினோரு வருடம் ஆகிவிட்டது. தாரை மெலிந்து இப்போது வெறும் சொட்டு. மற்றவர்கள் வண்டி சொட்டினால் பயப்படுவார்கள். இந்த வீட்டில் சொட்டு நின்றால்தான் பயம். மருத்துவமனைக்குப் போகும் நாள் காலையில் டார்லா காருக்கு அடியில் அட்டையை விரித்து முழங்காலிட்டுப் பார்க்கிறாள். ஒரு சொட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எண்ணுகிறாள். போன வருடம் ஒன்பது வரை எண்ணினாள். இந்த வாரம் முப்பத்தொன்று.

ஓலெட்டா படியில் கைப்பையோடு நிற்கிறாள். "சொட்டுதாடி?"

இருபத்தெட்டு, இருபத்தொன்பது.

"இரும்மா."

முப்பத்து மூன்றில் விழுந்தது.

"சொட்டுது. ஏறு."