ஏழாம் அறையை மூடச் சொன்ன கட்டுரை

அரீஜின் கட்டுரைக்கு இருபதுக்குப் பதினொன்று போட்டாள் வசீலா. கீழே சிவப்பு மையில் இரண்டு வரி எழுதினாள்: ‘நீ மிரட்டுகிறாய், இணங்க வைக்கவில்லை. எதிராளியின் நியாயத்தையும் காது கொடுத்துக் கேள்.’

அவ்ரேஸ் மலையடிவாரத்தில் இருந்த அந்த நடுநிலைப்பள்ளியில் பத்தொன்பது வருடமாக அரபு சொல்லிக்கொடுப்பவள் அவள். கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜூனில் அரசுத் தேர்வு. அதில் வாதக் கட்டுரை தப்பாமல் வரும். புத்தகத்தில் இருக்கும் தலைப்புகளை எழுத வைத்தால் பிள்ளைகள் கிளி மாதிரி ஒப்பிக்கிறார்கள் என்று இந்த வருடம் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தாள். “ஒரு விஷயத்தை நெசமாவே மாத்தக்கூடிய ஒருத்தருக்கு எழுதுங்க. அவர் ஒத்துக்கணும். அதுதான் பரீட்சை.”

பாதிப் பேர் அப்பாவிடம் போன் கேட்டார்கள். ஒருவன் குஸ்குஸ் சமைக்கும்போது அதில் டர்னிப் கிழங்கு போடுவதை நிறுத்தும்படி சித்திக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். அரீஜ் தங்கள் வகுப்பறையைப் பற்றித் தலைமையாசிரியருக்கு எழுதியிருந்தாள். முதல் வரியே இப்படி: ‘ஏழாம் அறை எங்களைக் கொல்லப் பார்க்கிறது.’

அந்த வரியிலேயே வசீலா முகம் சுளித்தாள். அதற்குப் பின் வந்ததை எல்லாம் அவள் தப்புக் கண்டுபிடிக்கும் கண்ணோடுதான் படித்தாள்.

புதன்கிழமை தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது அரீஜ் எழுந்து நின்றாள். பதினாலு வயது, ஒல்லி உடம்பு. வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

“டீச்சர், இதுல என்ன தப்பு?”

“எடுத்த எடுப்பிலேயே கொலைன்னா அதுக்கு மேல யாரு படிப்பா? கேக்குறவரு காதைப் பொத்திக்குவாரு.”

“ஆதாரம் குடுத்திருக்கேனே. ஒம்பது நாள் கணக்கு எடுத்தேன். காஸ் ஹீட்டர் எரிஞ்ச ஆறு நாளும் நாலஞ்சு பேருக்குத் தலைவலி. காஸ் குழாய் ரிப்பேர்னு அணைச்சு வெச்ச மூணு நாளும் ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. தீயும் நீலமா எரியல, மஞ்சளா எரியுது.”

“தலைவலிக்கு ஆயிரம் காரணம் இருக்கும்மா. விடிய விடிய போன் பாக்குறதும் ஒரு காரணம்.”

வகுப்பு சிரித்தது. பின் பெஞ்சிலிருந்து யூகுர்த்தா குரல் கொடுத்தான். “அவளுக்கு லீவு வேணும் டீச்சர்! பாவம், ஹீட்டர் மேல பழி போடுறா!”

“தெனம் அது பக்கத்துல உக்காந்து தூங்கி வழியிறவன் நீதான்டா. உன்னையும் கணக்குல சேத்திருக்கேன்.”

“போதும், உக்காரு. எதிர்க்கட்சி என்ன சொல்லும்னு யோசிச்சு மாத்தி எழுதிட்டு வா.”

“நான் மாத்தி எழுதினா ஹீட்டர் மாறிடுமா டீச்சர்?”

அதற்குள் மணி அடித்தது. வசீலாவுக்கு அது வசதியாகப் போயிற்று.

வார விடுமுறையான வெள்ளி, சனி இரண்டு நாளும் பனி கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளி திறந்தபோது முற்றத்தில் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. காவலாளி ரபாஹ் ஆறு மணிக்கே வந்து எல்லா அறையிலும் ஹீட்டரைப் பற்றவைத்து, குளிர் புகாமல் ஜன்னல் இடுக்குகளில் டேப்பும் ஒட்டியிருந்தார். பத்து மணிக்கு மேற்பார்வையாளர் வருவதாக இருந்ததால் தலைமையாசிரியர் லக்தர் விறைப்பான கோட்டு போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடை போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் பாடவேளையில் வசீலாவுக்கு மூன்றாம் அறை. ஒன்பதரை வாக்கில் விட்டுப்போன வருகைப் பதிவேட்டை எடுக்க ஆசிரியர் அறைக்குக் கிளம்பினாள். ஏழாம் அறைக்கு வெளியே, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள் அரீஜ். மூக்கு சிவந்திருந்தது.

“இங்க என்ன பண்ற?”

“உள்ள உக்கார மாட்டேன்னு சொன்னேன். தாஹர் சார் வெளிய போன்னுட்டாரு.”

“வீம்புக்கும் ஒரு அளவு வேணும் அரீஜ். உள்ள போ. நான் சொல்லிக்கிறேன்.”

“நீங்களே கதவுக் கண்ணாடி வழியா பாருங்க டீச்சர். என்னை அப்புறம் திட்டுங்க.”

பார்த்தாள். கண்ணாடி உள்பக்கம் வியர்த்து வழிந்தது. அந்த ஈரத்தின் ஊடே, பெஞ்சுகளில் தலை கவிழ்ந்து கிடந்த பிள்ளைகள் தெரிந்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, முக்கால்வாசிப் பேர். கணக்கு வாத்தியார் தாஹர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் நாற்காலியைத் தொடாதவர் என்று அவருக்குப் பேர்.

வசீலா கதவைத் திறக்கப் போனாள். கைப்பிடியில் கை வைக்கும்போது பின்னால் லக்தரின் குரல் கேட்டது.

“வகுப்பை விட்டுட்டு இங்க என்ன வேலை உங்களுக்கு? இந்தப் பொண்ணு ஏன் தரையில உக்காந்திருக்கா?”

“சார், ஏழாம் அறைய ஒடனே காலி பண்ணணும். ஹீட்டர்ல கோளாறு. பசங்க மயங்கிக் கெடக்குறாங்க.”

“திங்கக்கெழம வகுப்புல தூங்குனா சோம்பல், ஞாயித்துக்கெழம தூங்குனா மயக்கமா? அக்டோபர்ல ஆள் வந்து பாத்து சர்டிபிகேட் குடுத்திருக்கான். என் மேஜையில இருக்கு.”

“அக்டோபருக்கப்புறம் மூணு மாசம் ஆச்சு சார்.”

“இன்னும் அரை மணியில மேற்பார்வையாளர் வர்றாரு. முப்பது பசங்கள பனியில நிறுத்தி வெச்சா நான் என்னன்னு சொல்ல? ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தா அவ அப்பன் யார் சட்டையப் பிடிப்பான்? ரெண்டு வருஷமா அலைஞ்சு வாங்குன ஹீட்டருங்க இது, தெரியுமில்ல?”

அவர் சொன்ன ஒவ்வொன்றிலும் நியாயம் இருந்தது. எதிராளியின் நியாயத்தைக் கேள் என்று ஊருக்கு உபதேசம் செய்தவள், கேட்டுக்கொண்டு நின்றாள். அடுத்த வாதம் என்ன என்று மனசு வரிசை தேடிக்கொண்டிருக்கையில், உள்ளே ஒரு பெஞ்சு சரிந்து விழும் சத்தம் கேட்டது.

அவள் தோளால் லக்தரை ஒதுக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

“எல்லாரும் வெளிய! பையைப் போடுங்க! எந்திரிங்க!”

சிலர் எழுந்தார்கள். சிலர் எழுந்து மறுபடி உட்கார்ந்தார்கள். அவர்களின் கால் சொன்னபடி கேட்கவில்லை. தாஹர் எழ முயன்று மேஜையைப் பிடித்துக்கொண்டார். வசீலா கைக்கு அகப்பட்ட சட்டையை எல்லாம் பிடித்து இழுத்தாள். ஒரு ஜன்னலை நாற்காலிக் காலால் உடைத்தாள். அந்தச் சத்தத்தில் லக்தருக்கு நிலைமை உறைத்தது. சட்டென்று உள்ளே பாய்ந்து இரண்டு பெண்களைக் கையில் தாங்கிக்கொண்டு போனார். ரபாஹும் ஓடிவந்து ஹீட்டரை அணைத்தார்.

முற்றத்துப் பனியில் பிள்ளைகள் உட்கார்ந்தும் படுத்தும் கிடந்தார்கள். ஒருத்தி வாந்தி எடுத்தாள். அரீஜ் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தாள்.

“முப்பது. டீச்சர், முப்பதுதான் இருக்கு. முப்பத்தொண்ணு இருக்கணும்.”

“சரியா எண்ணு!”

“ரெண்டு தடவ எண்ணிட்டேன். யூகுர்த்தாவக் காணோம்!”

வசீலா திரும்பி ஓடினாள். மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். பின் பெஞ்சு காலியாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தாள். பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில், ஹீட்டருக்கு ஒரு முழத் தூரத்தில், பையன் மடங்கிக் கிடந்தான். உதடு செர்ரிப் பழம் போல் சிவந்திருந்தது. அக்குளுக்கடியில் கை கொடுத்து இழுத்தாள். கனத்தான். பாதி வழியில் அவளுக்கு மூச்சு தாங்கவில்லை. ஒரு வாய் இழுத்தாள், கண் இருட்டியது. வாசலில் லக்தர் பையனின் காலைப் பிடித்துக்கொண்டார்.

சிவில் பாதுகாப்புப் படையின் வண்டி வர பதினோரு நிமிடம் ஆனது. யூகுர்த்தாவின் முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடியை வைத்த வீரர் நிமிராமலேயே சொன்னார். “இன்னும் கால் மணி போயிருந்தா நாங்க வேற வண்டி கொண்டு வந்திருக்கணும்.” இன்னொருவர் கூரையேறிப் புகைக்குழாய்க்குள் கைவிட்டார். பழைய புறாக்கூடு ஒன்று சரிந்து, பனியோடு சேர்ந்து குழாயை அடைத்திருந்தது. வெளியேற வேண்டிய விஷவாயு அறைக்குள்ளேயே தங்கிவிட்டிருந்தது.

பதினோரு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்துப் பேர் மாலையே வீடு திரும்பினார்கள். யூகுர்த்தா கண் விழிக்க மறுநாள் காலை ஆயிற்று.

திங்கட்கிழமை வசீலா பார்க்கப் போனாள். வராந்தாவில் அவன் அம்மா ஹத்தா, வசீலாவின் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டாள். “என் புள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்தவ நீ. அல்லாஹ் உன் வீட்டை நெறைக்கட்டும்.” துணியில் சுற்றிய சூடான ரொட்டியைக் கையில் திணித்தாள். வசீலா அதை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்குப் போயும் அந்த ரொட்டியைப் பிய்க்கவில்லை.

அன்று மதியம் லக்தர் அவளைக் கூப்பிட்டார். ஒரே நாளில் ஆள் இளைத்திருந்தார்.

“கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை குடுக்கணும். நீங்களும் எழுதுங்க. என்னைப் பத்தி உள்ளதை எழுதுங்க, கதவுல தடுத்தேன்னு எழுதுங்க, தப்பில்ல. ஆனா அந்தப் பொண்ணு எழுதுன கட்டுரையப் பத்தி பசங்க சொன்னாங்க, அது மட்டும் வேணாம்.”

“ஏன் சார்?”

“உங்க நல்லதுக்குச் சொல்றேன். அது எனக்கு எழுதுனது, ஆனா என் கைக்கு வரவே இல்ல. அஞ்சு நாளைக்கு முன்னாடியே நீங்க படிச்சிருக்கீங்க. யாரு தலை உருளும்?”

அவர் மிரட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பள்ளி விடும் நேரத்தில் அரீஜை வாசலில் நிறுத்தினாள். “அந்தக் கட்டுரை உங்கிட்ட இருக்கா?”

அரீஜின் கை தானாகப் பையை இறுக்கியது. “எதுக்கு டீச்சர்?”

“அறிக்கையோட வைக்கணும்.”

“வைப்பீங்களா, இல்ல…” அவள் முடிக்கவில்லை.

“கிழிச்சுருவேன்னு நெனைக்கிறியா?”

அரீஜ் அவள் முகத்தையே பார்த்தாள். “நெனைச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க. எதிர் கடையில நகல் எடுத்துட்டு மூலத்தைத் தர்றேன்.”

“எடு. நானும் வர்றேன்.”

கடைக்காரன் தாளைக் கண்ணாடி மேல் வைத்தபோது சிவப்பு மை எழுத்து பளிச்சென்று தெரிந்தது. வசீலா பார்வையை விலக்கவில்லை.

அறிக்கையில் அவள் அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை. எந்தத் தேதியில் படித்தாள், என்ன மதிப்பெண் போட்டாள், வகுப்பில் அந்தப் பெண்ணை என்ன சொல்லி உட்கார வைத்தாள், எல்லாவற்றையும் எழுதினாள். ‘கட்டுரை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தேன். என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கவில்லை’ என்று முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

அலுவலகத்துக்குப் போகும் முன் ஹத்தாவின் வீட்டுக்குப் போனாள். பையன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னாள். “எனக்கு முன்னாடியே தெரியும்கா. ஒரு பொண்ணு எழுதிக் குடுத்தா. நான்தான் நம்பல.”

ஹத்தாவின் முகம் மெல்ல மாறியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு ஏன் சொல்லல? உன் கைக்கு முத்தம் குடுத்தேனே நான்.”

“தைரியம் வரல.”

“இப்ப போ,” என்றாள் ஹத்தா. “எம் மனசு ஆறட்டும். அப்புறம் வா. இப்ப போ.”

ஒழுங்கு நடவடிக்கைக் குழு வசீலாவுக்கு எழுத்துபூர்வமான கண்டனம் கொடுத்தது. லக்தரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கட்டுரையைப் படித்த அலுவலர் ஒருவர் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் புகைக்குழாய்களை எல்லாம் சோதிக்க உத்தரவிட்டார். இன்னும் நான்கு அறைகளில் அடைப்பு இருந்தது. அவற்றில் ஒன்று ஆறு வயதுக் குழந்தைகள் படிக்கும் வகுப்பு.

அந்தச் செய்தி வந்த அன்று பிள்ளைகள் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, ஹீட்டர் இல்லாத ஏழாம் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். வசீலா கரும்பலகையில் தலைப்பு எழுதத் திரும்பினாள். சுண்ணாம்புக்கட்டியைக் கையில் எடுத்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து அவர்கள் பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

“யாருக்காவது ஏதாவது சொல்லணுமா? சொல்லுங்க. மார்க் எதுவும் கிடையாது,” என்றாள்.

மூன்று கைகள் உயர்ந்தன.