தெளியும் மண்டியும்

என் தம்பி ராமபத்ரனுக்குப் பல் பிடுங்கி மூன்றாம் நாளும் ரத்தம் நிற்கவில்லை. பிறவியிலேயே அவனுக்கு ரத்தம் சரியாக உறையாது. மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரி லாபில் ஊரார் ரத்தத்தையெல்லாம் சோதிக்கிறவள் நான்; சொந்தத் தம்பிக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்து ஓடத் தோன்றியது, ஓடினால் எங்கே போவதென்று தெரியவில்லை.

அது அறுபத்தாறாம் வருஷம். டாக்டர் ஈப்பன் ஏதோ வெளிநாட்டுச் சஞ்சிகையில் இப்படி நிற்காத ரத்தத்துக்குப் புதுவழி ஒன்றைப் படித்திருந்தார். நாலு குப்பி பிளாஸ்மாவை இறால் கம்பெனியின் குளிர் அறையில் உறைய வைத்து, எங்கள் ஃபிரிட்ஜில் மெல்ல இளக விட்டோம். காலையில் பார்த்தால் மேலே தெளிவு, அடியில் வெள்ளையாய்க் கொஞ்சம் மண்டி. ஆபரேஷனுக்கு ஓடுகிற ஓட்டத்தில் டாக்டர், "கங்கே, தெளி மாற்றி வைக்கணம், கேட்டோ" என்றார்.

எங்கள் வீட்டுத் தமிழில் மாற்றி வைப்பதென்றால், வேண்டியவருக்கென்று தனியாக எடுத்து வைப்பது. சீக்காளிக்கு ரசத்தின் தெளிவு, மண்டி குப்பைக்கு. நானும் மகா கெட்டிக்காரியாகத் தெளிவை வேறு குப்பிகளில் ஊற்றிவிட்டு, பழைய குப்பிகளை மூடிக் கழுவ அனுப்பினேன்.

டாக்டர் திரும்பி வந்து பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"மண்டி எவிடே? ரத்தத்தை நிறுத்துறது அதல்லே?"

அவருடைய மலையாளத்தில் மாற்றுவதென்றால் அப்புறப்படுத்துவது! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். குழாயடிக்கு ஓடினேன். குப்பி கழுவும் பிச்சை பெருமையாக நிமிர்ந்தான்.

"மூணைப் பளிச்சுனு கழுவிட்டேம்மா. இது ஒண்ணுதான் பாக்கி."

அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். மூடியை அவன் இன்னும் திறந்திருக்கவில்லை. அடியில் மண்டி பசையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் அதை உப்புநீரில் கரைத்துத் தம்பிக்கு ஏற்றினார். "நாலும் வேணம். ஒண்ணு போதுமோன்னு நோக்காம்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமலே போனார்.

மத்தியானம் வரை கட்டிலைச் சுற்றி நடந்தேன். அப்புறம் தாங்கவில்லை.

"டேய், உன் மருந்துல முக்காலும் சாக்கடைக்குப் போயாச்சு. நான்தான் கொட்டச் சொன்னேன்."

வாய் நிறையப் பஞ்சோடு என்னையே பார்த்தான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன், படவா, சிரிக்கிறான்! பஞ்சு தெறித்து என் மடியில் விழுந்தது.

"சிரிக்காதேடா பாவி, ரத்தம் வரும்!"

கத்திக்கொண்டே அதை எடுத்தேன். ஒரு மணி நேரமாக வாயில் இருந்த பஞ்சு. திருப்பிப் பார்த்தேன், பிரித்துப் பார்த்தேன். எச்சில்தான் இருந்தது.