இரண்டு வட்டமும் ஒரு கோடும்

அன்று காலை பதினொரு மணிக்கு அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி தன் பெரிய மேஜைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே. அவருக்கு எதிரே வலப்பக்க நாற்காலியில், தலையணை தைத்து விற்கும் அம்மா. இடப்பக்க நாற்காலியில், கைப்பையை மடியில் நிறுத்திப் பிடித்தபடி, அந்த அம்மாவின் அக்கா. ஜன்னலை ஒட்டிய சின்ன மேஜையில், பாதி முதுகைக் காட்டிக்கொண்டு, நான். டிரேட்மார்க் பதிவுக்கு விண்ணப்பம் போட்டுத் தரும் அலுவலகம் எங்களுடையது. பத்தொன்பது வருடமாக அங்கே ஃபாரம் நிரப்புவதும் கடிதம் எழுதுவதும் என் வேலை.

தலையணை அம்மாவின் டிரேட்மார்க் குறிக்கு அவருடைய கணவரே ஆட்சேபணை போட்டிருந்தார். இருவரும் பிரிந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் இப்போது தனியாகத் தலையணைக் கடை வைத்திருக்கிறார். குறியில் தனக்கும் பாதி உண்டு, அந்த அம்மா பேரில் மட்டும் பதிவாகக் கூடாது என்பது அவர் கட்சி. பதில் போய்ச் சேர நான்கு நாள்தான் மீதி.

குறி இதுதான்: 'கண்ணயர்' என்ற சொல். அதன் மேலே அருகருகே இரண்டு வட்டம். வட்டங்களுக்கு அடியில் படுக்கையாக ஒரு கோடு.

"உங்க வீட்டுக்காரர் ஆகாசத்துலேருந்து புடிச்சிட்டு வரலம்மா. நம்ம விண்ணப்பத்துலயே இருக்கு" என்று முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். "'மேற்படி இரு வட்டங்கள், விண்ணப்பதாரரும் அவர்தம் கணவரும் ஒரே தலையணையில் தலை வைத்திருப்பதைக் குறிக்கும்.'"

"அந்தாளு தலையா?" என்றார் அக்கா. "அது தலகாணியில இருந்ததை விட சீட்டு மேசையில இருந்ததுதான் ஜாஸ்தி."

"கொஞ்சம் இரு, அக்கா." தலையணை அம்மா முதலாளி பக்கம் குனிந்தார். "நான் இப்படிச் சொல்லவே இல்லையே சார்."

"கையெழுத்து உங்களோடதுதானே?"

"கையெழுத்து என்னோடது. ரெண்டு தலை, ஒரு தலகாணின்னு சொன்னதும் நான்தான். ஆனா அது எனக்கும் அக்காவுக்கும். எங்க வீட்டுல ஏழு பேருக்கு மூணே தலகாணி. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுல படுப்போம்."

"படுத்தோமா? தூக்கத்துல மொத்தத்தையும் இவ இழுத்துக்குவா. எனக்கு அந்தக் கோடுதான் மிஞ்சும்."

முதலாளி சிரிக்கவில்லை. தலையணை அம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, உங்ககிட்டதானே சொன்னேன். யாரு ரெண்டு பேர்னு நீங்க கேக்கவே இல்லையே."

நான் கேட்கவில்லை. அது உண்மை.

பதினான்கு மாதத்துக்கு முன், அந்தக் குறியை முதலில் சொல்லுக்கான கட்டத்தில்தான் அடித்துப் பார்த்தேன். அந்தக் கட்டம் எழுத்தை ஏற்கும், எண்ணை ஏற்கும்; வட்டம், நட்சத்திரம் மாதிரியானவற்றை ஏற்காது. சொல் மட்டும் நின்றது, வட்டங்கள் காணாமல் போயின. சொல்லை மட்டும் கொடுத்தால் பதிவாகாது. தலையணைக்கு அந்தச் சொல்லை எந்தக் கடைக்காரரும் போட்டுக்கொள்ளலாம் என்று திருப்பிவிடுவார்கள். வட்டமும் கோடும் இருந்தால்தான் அது அந்த அம்மாவின் குறி. ஆகவே முழுவதையும் படமாகச் சேர்த்தேன். படம் என்றால் கீழே இன்னொரு கட்டம் திறக்கும்: குறியீடுகளை விவரிக்கவும். 'கோட்டின் மேல் இரண்டு வட்டங்கள்' என்று மூன்று நான்கு சொல்லில் முடித்திருக்கலாம். எல்லா அலுவலகத்திலும் அப்படித்தான் முடிப்பார்கள். கட்டத்தில் ஐந்து வரிக்கு இடம் இருந்தது. ஃபாரத்தில் வெற்றிடம் விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த அம்மா அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வீட்டுக்காரர் கீழ வண்டியோட நிக்கிறார்" என்று இறங்கிப் போயிருந்தார். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். அந்த அம்மா இறங்கி வருவதைக் கண்டதும் அந்த மனிதர் வண்டி இருக்கையைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். வெயிலில் சூடேறியிருக்கும் போல. துடைத்துவிட்டு உள்ளங்கையை வைத்தும் பார்த்தார். நான் மேஜைக்குத் திரும்பி அந்த வரியை எழுதினேன். அன்று முழுவதும் மனம் லேசாக இருந்தது.

"அப்ப என் குறி போயிடுமா சார்?" என்று தலையணை அம்மா கேட்டார். "கடை வாசல்ல, ஒவ்வொரு உறை மூலையிலயும் அதுதான் இருக்கு. மாத்தினா நான் யாருன்னே தெரியாது."

"பார்ப்போம். பதில் எழுதுவோம்" என்றார் முதலாளி.

அவர்கள் போனபின் என்னை எதிர் நாற்காலிக்குக் கூப்பிட்டார்.

"விவரணை வெறும் விவரணைதான், அதுக்குச் சட்டத்துல எடை கிடையாதுன்னு நாலு பக்கம் எழுதுங்க. உங்களுக்கு அது கைவந்த கலை."

"நான் தப்பா எழுதிட்டேன்னு எழுதினாத்தான் நிக்கும் சார். அந்தம்மா போனப்புறம் நானா சேர்த்த வரி அது."

"ஆபீஸ் தப்புன்னா? நாளைக்கு யார் நம்மகிட்ட வருவாங்க?" குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "எழுதணும்னா உங்க பேர்ல எழுதிக்குங்க. நம்ம லெட்டர்ஹெட் வேண்டாம். எழுதின பிறகு அந்த ஜன்னல் மேசையும் வேண்டாம். யோசிச்சுக்குங்க."

அன்று நாலு பக்கத்தையும் எழுதித் தட்டச்சு செய்து அவர் மேஜையில் வைத்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. நானே ஆட்சேபணைக்காரர் பக்கம் நின்று படித்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை, என் வாதத்தை நானே உடைத்துவிட்டேன்.

மறுநாள் விடுப்பு சொன்னேன். என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. பக்கத்துக் குடித்தனக்காரர்கள் வேலைக்குப் போய்விட்டால் குழாய் சொட்டுவது கேட்கும். வெள்ளைத்தாளை எடுத்து, இடப்பக்கம் விளிம்பு விட்டு, 'பதிவாளர் அவர்களுக்கு' என்று தொடங்கினேன்.

விண்ணப்ப எண், தேதி, குறியின் விவரம், எல்லாம் தடையில்லாமல் ஓடியது. விண்ணப்பதாரர் சொன்னது 'இரண்டு தலை, ஒரு தலையணை' என்பது மட்டுமே. கணவர் என்பதை அவர் சொல்லவில்லை. அவர் கையெழுத்திட்டுச் சென்ற பின், அவரைக் கேளாமல், அவருக்குக் காட்டாமல் நானே சேர்த்தேன். இதுவரை எழுதிவிட்டு நின்றேன். படிக்கிற அதிகாரி அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்: பத்தொன்பது வருட அனுபவம் உள்ளவர் ஏன் அப்படிச் சேர்த்தீர்? காரணம் இல்லாவிட்டால் அந்த அம்மா சொல்லி வைத்து என்னிடம் வாங்கிய கடிதமாகத் தோன்றும்.

இரண்டு தாளைக் கிழித்தேன். 'கவனக்குறைவால்' என்று ஒரு தாளில், அது பொய். கவனமாகத்தான் எழுதினேன். 'வேலைப்பளுவால்' என்று இன்னொன்றில். அன்று வேறு வேலையே இல்லை.

மூன்றாவது தாளில் இப்படி எழுதினேன்: "இரண்டு தலை என்று கேட்டதும் கணவன் மனைவி என்றே எண்ணினேன். வேறு யாராக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் தனியாக வசிப்பவன், எனக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை, மணமும் ஆகவில்லை. அன்று அவருடைய கணவர் கீழே காத்திருந்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். பார்த்ததை வைத்து எழுதினேன். விண்ணப்பதாரருக்கு இதில் பங்கில்லை."

ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். தனியாக வசிப்பவன் என்ற வரியை நீக்கலாமா என்று வெகுநேரம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். நீக்கினால் மற்றது எதுவும் நிற்காது. விட்டுவிட்டேன். பெயர், வயது, வீட்டு முகவரி, கையெழுத்து.

நகல் ஒன்றைத் தலையணை அம்மாவுக்கென்று தனி உறையில் போட்டேன். அசலை மூன்றாக மடித்து நீள உறையில் செருகி, விளிம்பில் பசை தடவி, விரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தேன்.

தபால் நிலையத்தில் கூட்டம் இல்லை. கவுண்டரில் இருந்த பெண் உறையைத் தராசில் வைத்தார்.

"ரிஜிஸ்தரா?"

"ஆமாம்மா. ஒப்புகை அட்டையோட."

"அட்டை ஆபீஸுக்கு வரணுமா, வீட்டுக்கா?"

"வீட்டுக்கு" என்றேன்.

"பகல்ல வாங்க ஆள் இருப்பாங்களா?"

"இனிமே நானே இருப்பேன்."

அவர் முத்திரை குத்தி, உறையைத் திரும்பிப் பார்க்காமல் பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டார்.