பிளஸ் போட்டு வரும் அழைப்பு

அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறேன், பலகை முழுவதும் ஜிபி ஜிபி என்றுதான் எரிகிறது, பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று, ஊதாவில் ஒன்று, இருபது ஜிபி, அறுபது ஜிபி, நூறு ஜிபி, எனக்கு வேண்டியதோ ஒரு மனுஷனிடம் நாலு வார்த்தை பேசுவது, அதற்கு இந்தக் கோலாலம்பூர் விமான நிலையத்தில், இத்தனை பெரிய பலகையில், ஓர் ஓரத்தில்கூட இடமில்லையாம், கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பெண் கோகிலவாணி என்று சட்டையில் பெயர் குத்தியிருக்கிறாள், தமிழ்ப் பெண்தான், அம்மா இத எடுங்க, எல்லாரும் இதான் எடுக்கிறாங்க, முப்பது நாளைக்கு அன்லிமிட்டெட் டேட்டா என்கிறாள், நான் கைப்பையிலிருந்து என் பட்டன் போனை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் டொக்கென்று வைக்கிறேன், இதுல உன் டேட்டாவ எங்கம்மா ஊத்துறது என்று கேட்டேன், அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் போனைப் பார்த்தாள். சுவரில் மணி ஒன்று ஐம்பது, புதுக்கோட்டையில் பதினொன்று இருபது, பன்னிரண்டுக்கு என் வீட்டுக்காரர் கண்ணில் சொட்டு மருந்து விழுந்தாக வேண்டும்.

அவருக்கு இருப்பது ஒரே கண், இடது கண்ணை லேத்துப் பட்டறை எடுத்துக்கொண்டு முப்பது வருஷமாகிறது, கண்ணாடி போட்டுக்கிட்டு வேலை பாருங்க பாருங்க என்று தொண்டை வற்றக் கத்தினேன், கேட்டால்தானே, ஒரு துளி இரும்புச் சீவல், மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் அதை எடுத்து வெள்ளைப் பஞ்சில் வைத்துக் காட்டினார், இதோ இந்தப் பெண் நகத்தில் பிடித்துக் காட்டுகிற சிம் அட்டையைவிடச் சின்னது, அத்தனூண்டு சாமான் ஒரு கண்ணைத் தின்றுவிட்டது, இப்போது மிச்சமிருந்த வலது கண்ணிலும் புரை, ஒன்பது நாளைக்கு முன்னால்தான் ஆபரேஷன், செய்த டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, இருக்கிறது ஒரு கண்ணு, ஒரு வேளை மருந்து தவறிக் கிருமி ஏறிச்சுன்னா அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க என்றாள், மகள் பொன்மலருக்கோ இங்கே பிரசவ நாள் நெருங்கிவிட்டது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, அம்மா எப்ப வருவ, அம்மா எப்ப வருவ, நான் என்ன செய்வேன், என்னை இரண்டாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுக்கவா முடியும். விடியுமுன் மூன்று மணிக்கே அவரை எழுப்பிக் காலை மருந்தை நானே விட்டுவிட்டுத்தான் காரில் ஏறினேன்.

மதியத்துக்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தோம், அதற்கு ஒத்திகையும் பார்த்தோம், அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை ஓரமாக வைத்துக்கொள்வார், நான் அடுப்படியில் நின்று என் போனிலிருந்து சொல்வேன், தலையச் சாயுங்க, கீழ் இமைய இழுங்க, மேல பாருங்க, இப்ப விடுங்க, முதல் நாள் மருந்து முழுக்கக் கன்னத்தில் வழிந்தது, இரண்டாம் நாள் காதுக்குள் போனது, மூன்றாம் நாள் கண்ணில் விழுந்தது, நீ சொல்லச் சொல்லத்தான் எனக்குக் கை வருது, நீ போன் பண்ணாம நான் அந்தக் குப்பிய தொடக்கூட மாட்டேன் என்று சின்னப்பிள்ளை மாதிரி வீம்பு பிடித்தார், அவர் குரல் அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டு தடவை கேட்கும், ஒன்று நேராக, ஒன்று போன் வழியாக, விமானத்தில் கண் அசந்தபோதும் அப்படியே கேட்டது, எழுந்து அடுப்பை அணைக்கக் கையை நீட்டினேன், பக்கத்து இருக்கைக்காரர் என்னம்மா வேணும் என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

இந்தியா சிம்மக் கழட்டி வீட்டுலயே வச்சிட்டு வந்துருங்க அத்தை, தப்பித் தவறி ஆன் பண்ணினீங்கன்னா ரோமிங்ல தீட்டிருவான் என்று சொன்னவர் மாப்பிள்ளை, நானும் பெரிய புத்திசாலி, அதைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து பீரோவில் நகைப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன், சொந்தக்காரர், பக்கத்து வீடு, மருந்துக்கடை, எல்லார் நம்பரும் அந்தச் சிம்மிலேயே பூட்டிக் கிடக்கிறது, மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே நம்பர், அது அவருடையது, இப்போது அந்த மாப்பிள்ளை நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறார், பாஸ்போர்ட்டுக்குள் சீட்டில் எழுதி வைத்திருந்த அவர் நம்பரைப் பார்த்து, உள்ளூர் மட்டும் பேசுகிற இந்தப் பெண்ணின் போனிலிருந்து கூப்பிட்டால், அத்தை அதெல்லாம் எதுக்கு, வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்ல முகம் பாத்தே பேசிக்கலாமே என்கிறார், அட மகராசா, உன் மாமனார் கையில் இருப்பதும் பட்டன் போன்தானே, அதில் முகம் எங்கே தெரியும், இவர்களுக்கெல்லாம் உலகத்தில் பட்டன் போன் வைத்திருக்கிறவர்கள் செத்துப் போய்விட்டார்கள் என்று எண்ணம். கோகிலவாணி ஊதா அட்டையை நீட்டி, இதுல அன்லிமிட்டெட் கால்ஸ் இருக்கும்மா என்றாள், அப்பாடா என்று வாங்கப் போனேன், ஏதோ உறுத்த, இந்தியாவுக்குப் பேசலாமா என்று கேட்டேன், இல்லம்மா, மலேசியாவுக்குள்ள மட்டும் லா என்று இந்த ஊர் வாலைச் சேர்த்து இழுத்தாள், எனக்கு வந்ததே கோபம், மலேசியாவில் எனக்கு யாரைத் தெரியும், உன்னைத் தெரியும், நீ எதிரிலேயே நிற்கிறாய், உனக்குப் போன் போட்டு அன்லிமிட்டெடாகப் பேசவா, ஏம்மா, பேசுறதுக்கும் மெசேஜ் அனுப்புறதுக்கும்தானேம்மா போனையே கண்டுபிடிச்சாங்க, அத மட்டும் விக்க மாட்டீங்களா என்று கத்தினேன், பின்னால் வரிசையில் நின்றவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்கு நகர்ந்தார்கள், அந்தப் பெண் பாவம், குனிந்து கீழ் இழுப்பறையைக் குடைந்தாள், எங்கேயோ அடியிலிருந்து தூசி படிந்த ஓர் அட்டையை எடுத்தாள், வெளிநாட்டு அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும், பங்களாதேஷ் தொழிலாளிங்கதான் இத வாங்குவாங்கம்மா என்றாள், வாங்கட்டும், அவங்களுக்கும் வீட்டில் ஆள் இருக்கும். பாஸ்போர்ட்டைப் பதிந்து, என்னைப் படம் பிடித்து, அவள் சிம்மைப் போட்டுக் கொடுத்தபோது ஊரில் மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

அடித்தேன், மூன்றாவது மணியில் வெட்டினார், மறுபடி அடித்தேன், முதல் மணியிலேயே வெட்டினார், மெசேஜ் அனுப்பினேன், அவர் போனில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், அதனால் ஆங்கில எழுத்தில், நான்தான், வந்து சேர்ந்துட்டேன், போனை எடுங்க என்று தட்டி அனுப்பிவிட்டு மூன்றாம் தடவை அடித்தேன், வெட்டினார், ஏன் எடுக்கவில்லை, விழுந்து கிடக்கிறாரா, விழுந்து கிடப்பவர் எப்படி வெட்டுவார், அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது, போன வருஷம் இதே மாதிரி பிளஸ் போட்டு ஒரு வெளிநாட்டு நம்பர் வந்தது, உங்க பொண்ணு போலீஸ்ல மாட்டியிருக்கு என்று எவனோ ஒருவன் பேச, இவர் நடுங்கிப்போய் வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் தெருவில் ஓடினார், நான்தான் வழிமறித்து இழுத்து வந்தேன், அன்று வாசலில் வைத்து நான் ஆடிய ஆட்டம், பிளஸ் போட்டு வந்தா எடுக்காதீங்க, நான்தான்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க, இப்பல்லாம் குரலைக்கூடத் திருடுறானுங்களாம், என் குரல்லயே பேசினாலும் நம்பாதீங்க, புரியுதா, எங்க திருப்பிச் சொல்லுங்க, அவர் வாசலில் நின்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மூன்று தடவை திருப்பிச் சொன்னார். ஆயுசில் என் பேச்சு ஒன்றைக் கேட்டார், அது இதுதான்.

பதினோராவது தடவையில் எடுத்தார், எடுத்ததும், எவன்டா அவன், வச்சிட்டுப் போடா, என் பொண்டாட்டி போன் பண்ற நேரம், லைன அடைச்சிக்கிட்டு நிக்கிற என்று ஒரே கத்தல், ஐயோ நான்தாங்க, உங்க பொண்டாட்டிதாங்க என்றேன், இதத்தான் சொல்லுவீங்கன்னு அவ போன வருஷமே சொல்லிட்டா, குரலு மட்டும் அச்சு அசலா இருக்கு, பலே என்றார், மணி பன்னிரண்டு ஐந்து, கோகிலவாணி மேஜைக்கு மேல் எக்கி, அவர் பேரச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா, நம்பிருவாரு என்று கிசுகிசுத்தாள், அவளுக்கு எங்கே தெரியும், கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை, ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவேன், கோயில் அர்ச்சனைக்கும் மகள்தான் சொல்வாள், ஆனால் இருப்பது ஒரு கண், மானம் ரோஷம் பார்க்க இதுவா நேரம், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அடைக்கலம், கேக்குதா, அடைக்கலம் என்று சொல்லிவிட்டேன், நாக்கு கூசியது, அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, மாட்டிக்கிட்டியா, என் பொண்டாட்டி செத்தாலும் என் பேரச் சொல்ல மாட்டாடா என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, யோவ் என்று ஒரு சத்தம் போட்டேன் பாருங்கள், விமான நிலையமே திரும்பிப் பார்த்தது, தலைக்கு ஊத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியும் நாலாம் நாளே தொட்டித் தண்ணியில மண்டைய முக்கினது யாரு, கருப்புக் கண்ணாடியக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு டீக்கடை வெயில்ல உக்காந்துட்டு, கேட்டதுக்குக் காத்து வாங்கினேன்னு சொன்னது யாரு, சர்க்கரை மாத்திரையச் செம்பருத்தித் தொட்டியில புதைச்சு வச்சது யாரு, எங்க அண்ணன் வந்தா மட்டும் காது கேக்காத மாதிரி நடிக்கிறது யாரு, ஒரு கண்ண லேத்துக்குக் குடுத்தீங்க, இந்தக் கண்ணையும் குடுத்துட்டு நாளைக்குப் பேரப்பிள்ளை முகத்தத் தடவிப் பாக்கப் போறீங்களா, நான் ஒருத்தி கடல் தாண்டி வந்தும் உங்களக் கட்டி அழணுமா, என்ன ஜென்மம்யா நீங்க, அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்து மூச்சு முட்டி நிறுத்தினேன், நிறுத்தியதும் அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. போதும்டி, நீதான், தெருவே கேட்டிருக்கும் என்றார்.

படுத்தீங்களா, படுத்துட்டேன், கையக் கழுவினீங்களா, கழுவிட்டேன், பொய் சொல்லாதீங்க, சரி இரு, தண்ணீர் கொட்டும் சத்தம், மறுபடி கட்டில், தலையச் சாயுங்க, கீழ் இமைய இழுங்க, மேல பாருங்க என்று நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண் கோகிலவாணி வேறு யாருக்கும் சிம் கொடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நான் அடுப்படியில்தான் நிற்கிறேனோ, குரல் ஒன்றுதான் வருகிறது, நேராக வருகிற குரலைக் காணோம், இப்ப விடுங்க, விட்டீங்களா, விட்டேன், எங்க விழுந்துச்சு, தெரியல, கன்னத்துலயா, தெரியலடி, சொல்லுங்க, ஸ்ஸ், எரியுதுடி என்றார், கன்னத்தில் விழுந்தால் எரியாது, காதில் விழுந்தால் எரியாது, எரியட்டும் என்றேன், நல்லா எரியட்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி பிளஸ் போட்டு வரும், எடுக்காம இருங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு.