வெளியே பூட்டிய வீடு

தெய்வசிகாமணி குரூப் ஃபோர் தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தான். இரண்டுக்கும் அவன் சொன்ன காரணம் ஒன்றுதான்: வீட்டுக்கு வந்து போகிறவர்கள். கள்ளக்குறிச்சியில் அவன் குடியிருந்த தெருவில் படித்தவன் என்று பெயரெடுத்தவன் அவன் ஒருவன்தான். மனு எழுத வருவார்கள், பேப்பர் படிக்கச் சொல்லி வருவார்கள், மாடு காணாமல் போனால்கூட முதலில் அவனிடம் வந்துதான் சொல்வார்கள்.

எண்பத்தேழாம் வருஷத்தோடு அவனுக்கு வயது வரம்பு முடிந்துவிடும். அந்த வருஷம் பார்த்துத்தான் இடஒதுக்கீட்டுப் போராட்டமும் சூடு பிடித்தது. அவன் கூட்டாளி வெங்கடேசன், போராட்டம் நடத்திய சங்கத்தின் கிளைச் செயலாளர். தினமும் வந்து நிற்பான்.

“யாருக்காகடா போராடறோம்? உன்ன மாதிரி படிச்சவனுக்கு வேல கெடைக்கணும்னுதானே? நீயே கூட்டத்துக்கு வரலன்னா எப்படி?”

“வேல கெடைக்கணும்னா நான் படிக்கணும்டா. நீயும்தான் பரீட்சைக்குப் போட்டுருக்க, ஒரு வரி படிச்சியா?”

வெங்கடேசனுக்கும் சேர்த்து விண்ணப்பம் நிரப்பி அனுப்பியது தெய்வசிகாமணிதான். “நீ தொணைக்குக் கூப்ட்ட, போட்டேன். அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல வா” என்று கையைப் பிடித்து இழுத்துப் போவான் அவன்.

இதற்கு மனைவி அம்சவள்ளி ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் எலவனாசூர்கோட்டைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது புருஷனை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுவாள். கேட்கிறவர்களிடம், அவர் படிப்பதற்காக வெள்ளிமலையில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுவாள்.

“ஈ காக்கா வராது. சாயந்தரம் வந்து எவ்ளோ முடிச்சீங்கன்னு கேப்பேன்” என்றாள்.

சொன்னபடியே யாரும் வரவில்லை. முதல் நாள் தெய்வசிகாமணி சைக்கிளுக்கு எண்ணெய் போட்டான். மறுநாள், வேர்க்கடலை மடித்து வந்த தாளில் ஏதோ தொடர்கதையின் நடுப்பகுதி கிடைத்தது. அதைப் படித்துவிட்டு, முன்னால் என்ன நடந்திருக்கும், பின்னால் என்ன நடக்கும் என்று மத்தியானம்வரை யோசித்தான். அதற்கும் மறுநாள், இனி ஒரு நிமிஷமும் வீணாகக் கூடாது என்று கால அட்டவணை போட உட்கார்ந்தான். கட்டம் கட்டி, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கலர் அடித்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

“எவ்ளோ முடிச்சீங்க?” என்று கேட்டாள் அம்சவள்ளி.

“அட்டவணை முடிஞ்சிச்சி.”

சாலை மறியலுக்கு நாள் குறித்தார்கள். பூட்டிய வீட்டில் ஏனென்று கேட்க ஆள் இல்லை என்பதால், அவன் வீட்டு வாசல் வேப்பமரத்தடியிலேயே வெங்கடேசனும் ஆட்களும் உட்கார்ந்து அட்டைகளில் சிவப்புச் சாயத்தில் கோஷம் எழுத ஆரம்பித்தார்கள். தெய்வசிகாமணி இருமல் வந்தால் தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டான்.

“கோரிக்கைக்கு சின்ன ரவா, பெரிய றவா?” என்று வெளியே ஒருவன் கேட்டான்.

வெங்கடேசன் கொஞ்சம் யோசித்தான். “நம்முது பெரிய கோரிக்கையாச்சே. பெரிய றவே போடு.”

உள்ளே தெய்வசிகாமணி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கத்தைப் புரட்டினான். இரண்டாவது அட்டையும் அப்படியே தயாராவது காதில் விழுந்தது. அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

“சின்ன ரடா!” என்று கத்திவிட்டான்.

வெங்கடேசன் மெதுவாக வந்து ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தான். “வெள்ளிமலைலேர்ந்து பேசறது இங்க இவ்ளோ நல்லா கேக்குதே!”

கோபித்துக்கொள்வான் என்று நினைத்ததற்கு மாறாக அவன் உருகிப்போனான். “படிக்கத்தானே பூட்டிக்கினு கெடக்கறான். இனிமே இவன ஒருத்தனும் தொந்தரவு பண்ணக் கூடாது” என்று உத்தரவு போட்டு, வாசலில் காவலுக்கு இரண்டு பேரை நிறுத்தினான். தெருவில் சைக்கிள் போனாலும், கோழி கத்தினாலும் அந்த இருவரும், “சத்தம் போடாத, உள்ள படிக்கறாரு!” என்று ஒன்றாகக் கத்தினார்கள். நடுவில், தப்பு மட்டும் பார்த்துக் கொடு என்று வெங்கடேசன் ஓர் அட்டையைக் கம்பிக்குள் நீட்டினான். தப்பைத் திருத்தியவனுக்கு எழுத்தின் கோணல் பொறுக்கவில்லை. புதிதாகவே எழுதினான். அப்புறம் எல்லா அட்டைகளும் உள்ளே வந்தன. மூன்று நாள் சோறுகூட நினைவில்லாமல் எழுதினான்.

“விரல்ல இன்னா செவப்பு?” என்றாள் அம்சவள்ளி.

“இங்க்” என்றான்.

மறியல் அன்று காலை பஸ் ஓடும் என்று நம்பிப் போன அம்சவள்ளியால் திரும்ப முடியவில்லை. உளுந்தூர்பேட்டை ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். அவள் பள்ளியில் சமைக்கும் உபகாரமேரியின் வீட்டில் தங்கிக்கொண்டாள். மத்தியானம் தெருவுக்குள் ஜீப் வந்தது. வெங்கடேசன், காவலுக்கு நின்ற இருவர் என்று ஆண்கள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டது. ஒரு போலீஸ்காரர் பூட்டை இழுத்துப் பார்த்து, “ஆள் இல்ல” என்று நகர்ந்தார். தெய்வசிகாமணி நெல் குதிருக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தான்.

அதன் பிறகு அந்தத் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அவன் இத்தனை வருஷம் கேட்டது இந்த அமைதியைத்தான். புத்தகத்தைத் திறந்து வைத்தான். வெங்கடேசனை அடித்திருப்பார்களோ என்று நினைத்தான். மறுபடி அதே வரியைப் படித்தான். எதிர்வீட்டுச் செல்லியம்மாள் ஜன்னல் வழியாகக் கூழ் கொடுத்தபோது அவனுக்குக் கண் கலங்கியது.

“நீ படிப்பா, நான் தொந்தரவு பண்ணல.”

“கொஞ்ச நேரம் இருங்கக்கா. எதுனா பேசுங்க.”

“அய்யோ, படிக்கற புள்ளய கெடுக்க மாட்டேன்” என்று அவள் போய்விட்டாள்.

நான்காம் நாள் அம்சவள்ளி பாதி வழி நடந்தும் பாதி வழி மாட்டு வண்டியிலுமாக வந்து கதவைத் திறந்தாள். அன்று அவள் எவ்வளவு முடித்தீர்கள் என்று கேட்கவில்லை. அவனே, “ஒண்ணும் முடிக்கல” என்றான்.

கலவரத்தால் தேர்வு தள்ளிப்போனது. ஜெயிலில் இருந்த வெங்கடேசன், பொழுது போவல, படிக்க எதுனா இருந்தா குடுத்தனுப்பு என்று சொல்லியனுப்பினான். குற்ற உணர்ச்சியில் தெய்வசிகாமணி தன் புத்தகங்களையே கட்டி அனுப்பினான். சில வாரம் கழித்து எல்லாரையும் வழக்கில்லாமல் விட்டார்கள். இருவரும் ஒரே பஸ்ஸில் போய்த் தேர்வு எழுதினார்கள்.

வெங்கடேசன் பாஸானான்.

சேதி சொல்ல வந்தவன் வாசலிலேயே நின்றான். அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. “அங்க வேற வேலயே இல்லடா. ஒருத்தனும் வர மாட்டான். எத்தன நேரந்தான் செவுத்தயே பாக்கறது?”

“அப்ப உங்களையும் சேத்துப் புடிச்சிக்கினு போயிருக்கணும்” என்றாள் அம்சவள்ளி புருஷனிடம். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

பொங்கலுக்குப் பிறகு தெய்வசிகாமணி பஸ் ஸ்டாண்டு பக்கம் போர்டு எழுதும் கடை வைத்தான். காலையிலிருந்து அங்கே நாலு பேராவது உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அவனும் பதில் சொல்லிக்கொண்டே எழுதுவான். எழுத்து ஒன்றும் கோணாது. யாரும் வராத நாளில்தான் வேலை ஓடாது. டீ சொல்லி யாரையாவது கூப்பிட்டு உட்கார வைப்பான்.