கடத்துக்குள் களிமண்

மறுநாள் கச்சேரிக்கு அடையாறில் ஒத்திகை. பிரான்சிலிருந்து வந்திருந்த லூக், அக்கார்டியனை விரித்து ஒரு ஸ்வரம் பிடித்தார். நான் கடத்தைத் தட்டினேன். என் சுருதி ஒரு இழை மேலே நின்றது.

அமைப்பாளர் பரத்வாஜ் முகம் சுளித்தார். "வீணைன்னா பிருடையைத் திருகலாம். பானையில என்னம்மா பண்ண முடியும்? நாளைக்கு நீங்க வாசிக்க வேண்டாம்," என்று என் மைக்கையும் எடுத்துக்கொண்டு போனார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்க பெட்டியோட சுருதியைக் கொஞ்சம் ஏத்த முடியுமா?" என்று லூக்கைக் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். உள்ளே இருக்கும் உலோக நாக்குகளை ஒவ்வொன்றாக ராவ வேண்டுமாம். வாரக்கணக்கில் ஆகுமாம்.

பையிலிருந்து, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை எடுத்தேன். அது இல்லாமல் நான் வீட்டை விட்டுக் கிளம்புவதே இல்லை. நெல்லிக்காய் அளவு பிய்த்துக் கடத்தின் உள்சுவரில் அப்பித் தட்டினேன். இன்னும் கொஞ்சம் அப்பினேன். சுருதி இறங்கி லூக்கின் ஸ்வரத்தோடு அச்சாகச் சேர்ந்தது. அவர் கடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பரத்வாஜ் ஓடிவந்து மைக்கை என் முன்னால் வைத்தார்.

"தள்ளியே வைங்க சார்," என்றேன். "பானைதானே, மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும்."